அந்தக் கோப்பு யாருடையது?

எங்கள் வீட்டு அலுமாரிக்கு மேலே ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது. திறந்தால் பொலித்தீன் பை, அதற்குள் இன்னொரு பொலித்தீன் பை, அதற்குள் பிறப்புச் சாட்சிப் பத்திரங்களும் எல்லோருடைய ஓ.எல்., ஏ.எல். பெறுபேறுகளும். உம்மாவைத் தவிர யாரும் அதைத் தொடக் கூடாது. 1990இல் புத்தளத்துக்கும் கல்பிட்டிக்கும் வந்து சேர்ந்த குடும்பங்களின் வீடுகளில் இப்படி ஒரு டின் இல்லாவிட்டால் ஒரு பேக் ஆவது இருக்கும். அந்த ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் 2 மணித்தியாலம். மன்னார்ப் பக்கத்துச் சனம் வள்ளங்களில் ஏறிக் கல்பிட்டிக் கரையில் இறங்கியது. மொத்தம் 75,000 பேர் அளவில் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. உடுத்த உடுப்போடு வந்தவர்களில் எத்தனையோ பேருக்குத் தாங்கள் படித்தவர்கள் என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம் கையில் இருக்கவில்லை.

அதனால் ‘ஈ-போர்ட்போலியோ’ என்ற சொல்லை முதலில் கேட்டபோது எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. படித்தது, எழுதியது, செய்தது எல்லாம் ஒரே இடத்தில், யாரும் பறிக்காமல், கடல் தண்ணீர் படாமல். எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு இதை வேண்டாம் என்று சொல்ல என்ன காரணம் இருக்க முடியும்?

இருக்கிறது. அதைத்தான் எழுத வந்தேன்.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஈ-போர்ட்போலியோ என்பது மாணவர் ஒருவர் தன் படிப்புக் காலம் முழுக்கச் சேர்த்துக்கொண்டு போகும் ஒன்லைன் கோப்பு. கட்டுரை, வரைபு, போட்டோ, களக் குறிப்பு, விரிவுரையாளரின் கருத்து எல்லாம் அதில் வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, ‘நான் இதிலிருந்து என்ன கற்றேன், எங்கே பிழைத்தேன்’ என்று மாணவரே எழுதும் குறிப்பு வரும். கல்வியாளர்கள் இதை மீள்சிந்தனை என்பார்கள். புது விஷயம் ஒன்றும் இல்லை. ஆசிரியப் பயிற்சியிலும் கட்டடக் கலையிலும் காகிதக் கோப்பாக எப்போதோ வந்துவிட்டது. கொழும்பில் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் விசேட மருத்துவராகப் பயிற்சி எடுப்பவர்கள் போர்ட்போலியோ வைத்திருக்க வேண்டும். மென்பொருளுக்கும் பஞ்சமில்லை. நியூசிலாந்தில் 2006இல் தொடங்கிய ‘மஹரா’ அவற்றில் ஒன்று. எங்கள் கெம்பஸ்களில் ஏற்கெனவே இருக்கும் மூடிலோடு சேர்ந்து வேலை செய்யும். மாவோரி மொழியில் மஹரா என்றால் சிந்தனையாம். நல்ல பெயர்.

சரியாகச் செய்தால் இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கல்பிட்டித் தீபகற்பம் மணல் பூமி. வெங்காயம், மிளகாய், மரக்கறி எல்லாம் அந்த மணலில்தான், கிணற்றுத் தண்ணீரில்தான் விளைகின்றன. போடும் உரம் மணலுக்குள்ளால் இறங்கி அதே தண்ணீரில் நைட்ரேட்டாகச் சேர்வதை ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறார்கள். ஆலங்குடாவிலிருந்து கெம்பஸ் போன ஒரு பிள்ளை இறுதி வருட ஆய்வுக்குத் தன் ஊர்க் கிணறுகளையே எடுக்கிறாள் என்று வையுங்கள். முதல் தடவை எடுத்த தண்ணீர் மாதிரிகள் பழுது. ஐஸ் பெட்டி இல்லாமல் பஸ்ஸில் கொண்டுபோயிருக்கிறாள். இரண்டாம் தடவை மழைக்கு முந்திய மாதிரிகளையும் பிந்தியவற்றையும் ஒன்றாகக் கலந்துவிட்டாள். மூன்றாம் தடவைதான் சரிவந்தது. ஆய்வறிக்கையில் அந்த மூன்றாவது மட்டும் இருக்கும், பெறுபேற்றுத் தாளில் ஒரு ‘பி பிளஸ்’ இருக்கும். முதல் இரண்டு தடவையும், ஏன் பிழைத்தது என்று தலையைப் பிய்த்துக்கொண்டு கண்டுபிடித்த இரவும் எங்கேயும் இருக்காது. அவள் விஞ்ஞானம் படித்தது அந்த இரவில்தானே? அதை வைக்க ஓர் இடம் இருந்தால் அதுதான் போர்ட்போலியோ.

ஆனால் அவள் ‘நான் குழப்பிவிட்டேன்’ என்று எழுத வேண்டும். யாருக்கு எழுதுகிறாள்? யார் வாசிப்பார்கள்? எத்தனை வருடத்துக்கு அது அங்கே கிடக்கும்? நாளைக்கு ‘இதை எடுத்துவிடுங்கோ’ என்று அவள் கேட்டால் எடுப்பார்களா? அறிமுகக் கூட்டங்களில் இந்தக் கேள்விகளைத் தவிர மற்ற எல்லாம் பேசுகிறார்கள். எந்தப் பட்டனை அமத்துவது, எந்தத் திகதிக்கு முன் ஏற்றுவது, எத்தனை புள்ளி.

புள்ளி என்று வந்த உடனேயே விஷயம் முடிந்தது. நான் படித்த இடத்தில் ஒரு பாடத்துக்கு மீள்சிந்தனைக் குறிப்பு எழுதச் சொல்லி அதற்குப் புள்ளியும் வைத்தார்கள். கேள்வி இவ்வளவுதான்: என்ன கற்றாய், எங்கே சிரமப்பட்டாய், அடுத்த முறை எப்படிச் செய்வாய்? எங்கள் பெட்ச்சில் யாரும் எங்கேயும் உண்மையில் சிரமப்படவில்லை. எல்லோரும் ஒரே மாதிரி ‘ஆரம்பத்தில்’ கொஞ்சம் சிரமப்பட்டு, ‘குழுவாக’ அதை வென்று, கடைசியில் ‘வெலுவபள் இன்சைட்ஸ்’ பெற்றோம். ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்பதால் பாதிப் பேர் சீனியர்களுடையதைப் பார்த்து மாற்றினோம். இப்போதுள்ள தம்பி தங்கைமாருக்கு அந்தக் கஷ்டமும் இல்லை, சாட்ஜீபீடீ இருக்கிறது. தன் பிழையைத் தன் சொந்த மொழியில் ஒப்புக்கொள்வதே எவ்வளவு பெரிய பாடு. இரவல் மொழியில், புள்ளிக்காக, தன்னை மதிப்பிடும் ஆளிடமே ஒப்புக்கொள் என்றால் மனிசன் நடிக்கத்தான் செய்வான். பள்ளிக்கூடத்தில் நாங்கள் செய்த ஒப்படைகளை நினைத்துப் பாருங்கள். ராத்தா வரைந்த படம், கொமினிகேஷன் கடையில் அடித்த அட்டை, எங்கள் பெயர். அதே ஒப்படையைத்தான் இப்போது இணையத்தில் ஏற்றுகிறோம்.

‘கரையோரத்தில் சிக்னல் இல்லை, டேட்டா இல்லை, லெப்டொப் இல்லை, அதனால் வேண்டாம்’ என்ற வாதமும் இருக்கிறது. உண்மைதான், முக்கால்வாசிப் பேர் எல்லா அசைன்மென்ட்டும் போனில்தான் செய்கிறார்கள். ஆனால் அது தீர்க்கக்கூடிய பிரச்சினை. 2020இல் கொரோனா வந்தபோது பல்கலைக்கழக எல்.எம்.எஸ். தளங்களுக்கு டேட்டா கட்டணம் இல்லாமல் போக வழி செய்தார்களே. மனம் வைத்தால் திரும்பவும் செய்யலாம். ரீலோட் போட்டுத் தீராத பிரச்சினை வேறு.

ஹடீசா பாவா-கார்பா என்ற டொக்டரின் கதை அதைக் காட்டும். இங்கிலாந்தில் லெஸ்டர் நகர ஆஸ்பத்திரியில் 2011இல் 6 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். அன்று கடமையில் இருந்த பயிற்சி மருத்துவர் இவர். 2015இல் நீதிமன்றம் இவரைக் குற்றவாளி என்றது. 2018 ஜனவரியில் மருத்துவப் பதிவிலிருந்து பெயரை வெட்டினார்கள், அதே ஓகஸ்ட்டில் மேன்முறையீட்டில் திருப்பிக் கொடுத்தார்கள். இடையில் ஒரு செய்தி நாடு முழுக்கப் பரவியது: தன் ஈ-போர்ட்போலியோவில் அவர் நேர்மையாக எழுதிய மீள்சிந்தனையே அவருக்கு எதிராகப் பாவிக்கப்பட்டது என்று. அது ஜூரியின் முன் வைக்கப்படவில்லை என்று பிறகு விளக்கம் வந்தது. ஆனால் பயம் விளக்கத்துக்கு அடங்கவில்லை. இனி நாங்கள் பிழைகளை எழுத மாட்டோம் என்று இளம் டொக்டர்மார் வெளிப்படையாகவே சொன்னார்கள். அரசாங்கம் நியமித்த வில்லியம்ஸ் மீளாய்வு அதே வருடம், மருத்துவர்களின் மீள்சிந்தனைக் குறிப்பைக் கேட்டு வாங்கும் அதிகாரம் மருத்துவப் பேரவைக்கு இருக்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. பத்திரமாக ஒளித்து வைக்க முடியாத இடத்தில் யாரும் உண்மை எழுத மாட்டார்கள் என்பது அங்கே புரிந்திருக்கிறது.

அங்கே அரைவாசி வதந்தி. புத்தளத்தில் நடந்தது வதந்தி இல்லை.

அஹ்னாப் ஜஸீம் சிலாவத்துறைக்காரர், எங்கள் மாவட்டத்தில் ஆசிரியராக இருந்தவர். ‘நவரசம்’ என்ற அவருடைய கவிதைத் தொகுப்பு 2017இல் வந்தது. 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் அவரைப் பிடித்தார்கள். தமிழ்க் கவிதையை மொழிபெயர்ப்பில் வாசித்து, மாணவர்களுக்குத் தீவிரவாதம் ஊட்டுகிறார் என்றார்கள். தீவிரவாதத்தையே கண்டிக்கும் கவிதைகளும் அதே புத்தகத்தில் இருந்தன. ஒன்றரை வருடத்துக்கு மேல் உள்ளே இருந்தார். 2021 டிசம்பரில்தான் பிணை. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. போன காலத்தை எந்த நீதிமன்றமும் திருப்பித் தராது.

அது அச்சிட்ட புத்தகம், இது வெறும் கெம்பஸ் கோப்பு, இரண்டையும் ஏன் முடிச்சுப் போடுகிறாய் என்று கேட்பீர்கள். நியாயம். ஆனால் அச்சிட்ட புத்தகம் எழுதியவர் யோசித்து, திருத்தி, வெளியில் விட்டது. போர்ட்போலியோ கேட்பதோ யோசித்து முடிக்காததை. பெயர், மாணவர் இலக்கம், திகதி எல்லாவற்றோடும். கொழும்புக் குப்பையை ரயிலில் ஏற்றி அருவக்காட்டில் கொட்டும் திட்டத்துக்கு எதிராக 2018இல் புத்தளம் நாட்கணக்கில் வீதியில் நின்றது. சூழலியல் படிக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளையிடம் உன் கற்றலைப் பாதித்த அனுபவம் எது என்று கேட்டால் அவன் அந்தக் கூட்டத்தைத்தானே எழுதுவான்? நுரைச்சோலைச் சாம்பலைத்தானே எழுதுவான்? 19 வயதில் கோபத்தோடு, பாதி பிழையாகக்கூட எழுதுவான். எழுத வேண்டும், படிப்பு என்றால் அதுதான். அந்தப் பக்கம் ஐந்து வருடம் கழித்து யார் கையில், எந்த மொழிபெயர்ப்பில் இருக்கும் என்பதுதான் என் கேள்வி.

சட்டம் இருக்கிறது என்பார்கள். 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன் தரவைத் திருத்தவும் அழிக்கவும் கேட்கும் உரிமையைச் சொல்கிறது. அதன் முக்கியமான பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வர இருந்தன. தள்ளிப்போட்டார்கள்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கூத்து. என் பெரியம்மா மகள் ராத்தா பட்டம் முடித்து வெளியேறிக் கொஞ்சக் காலத்தில் அவருடைய கெம்பஸ் கணக்கை மூடிவிட்டார்கள். ஒரு அறிவித்தலும் இல்லை. நாலு வருடம் எழுதியது, களப்பு மீனவர்களிடம் எடுத்த நேர்காணல்கள், விரிவுரையாளர் பக்கம் பக்கமாக எழுதிய கருத்துகள், எல்லாம் போய்விட்டன. உம்மம்மா இதைக் கேட்டுவிட்டு, ‘எங்களுக்காவது ரெண்டு மணித்தியாலம் தந்தானுகள்’ என்றார். அதாவது எங்களுக்குத் தேவைப்படும்போது அந்தக் கோப்பு இருக்காது, எங்களுக்கு எதிராகத் தேவைப்படும்போது இருக்கும். பிஸ்கட் டின் இதைவிட மேல்.

நிறுவனங்களுக்கு ஏன் இதில் இவ்வளவு ஆசை என்பதும் தெரிந்ததுதான். தர மதிப்பீட்டுக் குழு வந்தால் சான்று காட்ட வேண்டும். மாணவர் கோப்புகள் நல்ல சான்று. வாசிப்பதற்கு ஆள் இருக்கிறதா என்றால் அதுதான் இல்லை. நூறு பேருக்கு மேல் உள்ள வகுப்பில் ஒரு விரிவுரையாளர் ஒவ்வொருவரின் குறிப்புக்கும் பதில் எழுதப்போவதில்லை, அவரைக் குறை சொல்லவும் முடியாது. பதில் வராத மீள்சிந்தனை கிணற்றுக்குள் போட்ட கல்.

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. கொண்டுவாருங்கள், ஆனால் சாவியை மாணவரிடம் கொடுத்துவிட்டுக் கொண்டுவாருங்கள். மஹராவிலேயே எந்தப் பக்கத்தை யார் பார்ப்பது என்று மாணவர் தீர்மானிக்கலாம், முழுவதையும் இறக்கி எடுத்துக்கொண்டு போகவும் முடியும். தொழில்நுட்பம் தடையில்லை, அமைக்கும் ஆள் எதைத் திறந்து எதைப் பூட்டுகிறார் என்பதுதான் விஷயம். மீள்சிந்தனைக்குப் புள்ளி வைக்காதீர்கள். செய்த வேலைக்கு வையுங்கள். தமிழிலும் சிங்களத்திலும் எழுத விடுங்கள், பாடம் ஆங்கிலத்தில் நடந்தாலும் பரவாயில்லை. கணக்கை மூட முன்னம் ஒரு வருட அவகாசமாவது கொடுங்கள். அழி என்றால் அழியுங்கள்.

உங்கள் பீடத்தில் இதை அறிமுகப்படுத்தும் கூட்டம் நடந்தால் பின் வரிசையில் இருந்து போன் நோண்டாமல் கையைத் தூக்கி ஒரே கேள்வி கேளுங்கள்: ‘சேர், நான் எழுதியதை நானே அழிக்கலாமா, அழித்த பிறகு உங்களிடம் கொப்பி இருக்குமா?’ நேரான பதில் வந்தால் மனம் விட்டு எழுதுங்கள். ‘அதை ஐ.டி. பிரிவில் கேட்டுச் சொல்கிறோம்’ என்று வந்தால், பதில் வரும்வரைக்கும் அதில் சான்றிதழ் ஸ்கேனையும் பல் தெரியச் சிரிக்கும் ஒரு போட்டோவையும் மட்டும் போட்டுவையுங்கள். கிணற்றுக் கதையை ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதி அலுமாரிக்கு மேலே வையுங்கள்.