பூனை பாதத்தை நக்குகிறது... தரையில் என்ன இருக்கிறது?

மே மாத மதியம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கமெல்லாம் வெயில் கொளுத்துகிறது. மெரினாவைத் தொட்ட கடற்காற்று இங்கே வந்து சேர நேரமாகும். வீட்டில் எல்லோரும் ஃபேனுக்கு அடியில் சுருண்டிருக்க, பூனை மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்து உடம்பை நக்கிக்கொண்டே இருக்கிறது. "எவ்வளவு சுத்தம் பார்!" என்று பெரியவர்கள் பிள்ளைகளுக்குக் காட்டுவார்கள்.

சுத்தம் மட்டுமல்ல, பூனை தன்னைக் குளிர்வித்துக்கொள்ளவும் செய்கிறது. நமக்குப் போல் அதற்கு உடம்பெல்லாம் வியர்க்காது. பாதங்களில்தான் முக்கியமாக வியர்க்கும். அதனால் எச்சிலை முடியில் பூசி உலரவிடுகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வது எப்படியோ, அப்படித்தான் இதுவும்.

பூனையின் நாக்கு ஏன் உப்புத்தாள் போலச் சொரசொரவென்று இருக்கிறது? நம் நகத்தில் இருக்கும் கெரட்டினால் ஆன குட்டிக் குட்டிக் கொக்கிகள் அதில் இருக்கின்றன. அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் நிறுவனத்தைச் சேர்ந்த அலெக்சிஸ் நோயலும் டேவிட் ஹூவும் வீட்டுப் பூனை முதல் புலி, சிங்கம் வரை 6 இனங்களின் நாக்குகளை ஆராய்ந்து 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். கொக்கியின் நுனி கரண்டி போலக் குழிந்திருக்கிறது. அந்தக் குழி எச்சிலை மொண்டு, முடியின் அடிவரை கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

நாக்கு சீப்பு வேலையும் பார்க்கிறது. கலிஃபோர்னியாவில் தெள்ளுப்பூச்சி நிறைந்த ஒரு வீட்டில் சில பூனைகளுக்கு, நக்க முடியாதபடி கழுத்தில் பட்டை மாட்டிப் பார்த்தார்கள். 3 வாரத்தில் அவற்றின் மேல் மற்றப் பூனைகளைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு பூச்சிகள் இருந்தன.

இரண்டு பூனைகள் ஒன்றையொன்று நக்கிவிடுவதையும் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் தலையும் கழுத்தும்தான். தன் நாக்கு எட்டாத இடங்கள் அவைதானே! ஆனால் எல்லாமே பாசம் என்று நினைத்துவிட வேண்டாம். 1998-ல் வெளியான ஓர் ஆய்வில், கூட்டத்தில் கை ஓங்கிய பூனைதான் மற்றதை அதிகம் நக்கிவிட்டது. நக்கி முடித்ததும் சில சமயம் ஓர் அறையும் விட்டது!

இனிதான் கவனிக்க வேண்டிய விஷயம். நாக்கின் கொக்கிகள் தொண்டைப் பக்கம் பார்த்து வளைந்திருக்கின்றன. அதில் மாட்டியதைத் துப்புவது கடினம், விழுங்கத்தான் வேண்டும். முடி என்றால் மலத்தோடு போய்விடும், அல்லது உருண்டையாக வாந்தியில் வரும். வேறு எது ஒட்டியிருந்தாலும் அதுவும் வயிற்றுக்குத்தான் போகும்.

பினாயில் ஊற்றித் துடைத்த தரை காய்வதற்குள் பூனை நடந்தால், பாதத்தில் ஒட்டியது சற்று நேரத்தில் வாய்க்குள் போய்விடும். பினாயில் போன்றவற்றில் உள்ள பினால் வகை ரசாயனங்களை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. நாய்க்குப் போடும் பெர்மெத்ரின் கலந்த உண்ணி மருந்தும் பூனைக்கு விஷம். நாயும் பூனையும் சேர்ந்து வளரும் வீட்டில், மருந்து பூசிய நாயைப் பூனை நக்கினாலே ஆபத்துதான்.

அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம் இன்னொரு கவலையும் உண்டு. ஒர்க்‌ஷாப் தரையில் சிந்தும் கூலன்ட்டில் பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால் இருக்கும். அது பூனையின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். 4 கிலோ பூனையைக் கொல்ல ஒன்றிரண்டு டீஸ்பூன் போதும்.

என்ன செய்யலாம்? பினாயில் போட்டுத் துடைத்தால், பிறகு வெறும் தண்ணீரால் ஒருமுறை துடையுங்கள். காயும்வரை பூனை வேறு அறையில் இருக்கட்டும். ஆயிலோ பெயின்ட்டோ மேலே பட்டுவிட்டால், முதலில் துண்டில் சுற்றி நக்கவிடாமல் செய்யுங்கள். பாத்திரம் கழுவும் லிக்விடும் வெதுவெதுப்பான தண்ணீரும் கொண்டு கழுவலாம். மண்ணெண்ணெய், தின்னர் வேண்டவே வேண்டாம். வாந்தி எடுக்க வைக்கவும் முயலாதீர்கள். பட்ட பொருளின் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். பக்கத்தில் யாரும் இல்லையென்றால், வேப்பேரியில் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது.

நக்கும் விதம் மாறினாலும் கவனியுங்கள். நக்குவதையே விட்டு முடி சடை பிடித்தால் பல்வலி, மூட்டுவலி, வேறு நோய் ஏதாவது இருக்கலாம். ஒரே இடத்தை முடி உதிரும்வரை நக்கினால் பூச்சி, அலர்ஜி, வலி அல்லது பயம் காரணமாக இருக்கலாம். ஆண் பூனை பின்பக்கத்தையே நக்கிக்கொண்டு, சிறுநீர் வராமல் முக்கினால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். அடைப்பு ஓரிரு நாளில் உயிரையே எடுத்துவிடும்.

தாயில்லாத குட்டி கிடைத்ததா? 3 வாரம் ஆகும்வரை தாய் நக்கிவிட்டால்தான் அதற்குச் சிறுநீரும் மலமும் வரும். அதனால் ஒவ்வொரு முறை பாலூட்டிய பிறகும், வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் பின்பக்கத்தை மெல்லத் துடைத்துவிடுங்கள். தாயின் நாக்கு செய்யும் வேலையை அந்தப் பஞ்சு செய்யும்.