சொந்த மருந்தை ஒளிச்சு வச்சு ஓட்டு வாங்க முடியுமா?

1) அமெரிக்காவில் அதிபர் தேர்தல் முடிஞ்சு 2 வருஷத்தில் ஒரு தேர்தல் வரும். இடைக்காலத் தேர்தல். நம்ம ஊர் இடைத்தேர்தல் மாதிரி இல்லைங்க. கீழவை மொத்தமும், செனட்டில் சுமார் மூன்றில் ஒரு பங்கும் தேர்தலுக்கு வரும். பெரும்பாலும் அதிபரின் கட்சிதான் அடி வாங்கும். அதனால் அந்தக் கட்சி வேட்பாளர்களுக்கு வழக்கமா ஒரு யோசனை சொல்வாங்க: "தலைவர் பேரை எடுக்காதீங்க."

என்னைக் கேட்டா, இது தோற்கிற கணக்கு. ஏன்னு சொல்றேன்.

2) 2010 மார்ச்சில் ஒபாமா மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். ஏற்கெனவே நோய் இருக்குன்னு சொல்லி ஒருத்தருக்குக் காப்பீடு மறுக்கக் கூடாது என்பது அதன் உயிர்நாடி. அதே நவம்பரில் ஜனநாயகக் கட்சி கீழவையில் 63 இடங்களை இழந்தது. "அந்தச் சட்டத்தைப் பத்திப் பேசினா காலி" என்று கட்சிக்குள் பயம் வந்துடுச்சு.

3) இப்ப 2014, கென்டக்கி மாநிலம். அதே சட்டத்தின் கீழ் மாநில அரசு 'கனெக்ட்' என்ற பெயரில் காப்பீட்டுச் சந்தை தொடங்கியது. முதல் சுற்றிலேயே 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்தாங்க. அந்த ஊரில் 'கனெக்ட்' நல்ல பேர், 'ஒபாமாகேர்' கெட்ட பேர். ரெண்டும் ஒண்ணுதான்னு எடுத்துச் சொல்ல வேண்டியது யார்?

4) செனட் வேட்பாளர் அலிசன் கிரைம்ஸ். அவரிடம் "ஒபாமாவுக்கு ஓட்டுப் போட்டீங்களா?" என்று கேட்டாங்க. 2012-ல் ஒபாமாவுக்கான கட்சி மாநாட்டுப் பிரதிநிதி அவர். ஆனா வாக்கு ரகசியம் என்று சொல்லி, பதில் சொல்ல மறுத்துட்டார். மிட்ச் மெக்கானலிடம் 15 சதவீதப் புள்ளிகளுக்கும் அதிகமான வித்தியாசத்தில் தோற்றார். எதிராளி அவரை ஒபாமா ஆளுன்னுதான் சொன்னார். கெட்ட பேர் முழுசா வந்தது, நல்ல பேர் துளியும் வரல.

5) ஓபி-யில் தினமும் பார்க்கிற விஷயம் இது. பிபி-க்கு அம்லோடிபின் எழுதுறோம். சிலருக்குக் கால் வீங்கும். அதை நாமளே முன்கூட்டிச் சொல்லி, மாத்திரை ஏன் வேணும்னும் சொன்னா, அவர் திரும்ப வந்து கேட்பார். நாம வாய் திறக்கலேன்னா பக்கத்து வீட்டுக்காரர் விளக்கம் கொடுப்பார். மாத்திரை குப்பைக்குப் போகும்.

சாதனையைச் சொல்றதுன்னா குறையை மறைக்கிறதுன்னு அர்த்தமில்லை. 2013 அக்டோபரில் மத்திய அரசின் காப்பீட்டு இணையதளம் தொடக்கத்திலேயே படுத்துடுச்சு. அதையும் ஒத்துக்கிட்டுத்தான் பேசணும்.

6) "சட்டத்தை ஆதரிச்சவங்களும் தோத்தாங்களே டாக்டர்?" ஆமா, தோத்தாங்க. வர்ஜீனியாவில் டாம் பெரியெல்லோ 2008-ல் வெறும் 727 ஓட்டில் ஜெயிச்சவர். சட்டத்துக்கு ஆதரவா ஓட்டுப் போட்டார். ஒபாமாவையே பிரசாரத்துக்கு மேடையேத்தினார். 2010-ல் 4 சதவீதப் புள்ளிகளுக்கும் குறைவா தோற்றார். ஆனா சட்டத்தை எதிர்த்து ஓட்டுப் போட்ட அதே கட்சியினர் 34 பேரிலும் பலர் தோத்தாங்க. ஓடி ஒளிஞ்சது அவங்களைக் காப்பாத்தல. பெரியெல்லோ தோத்தாலும், அவர் போட்ட ஓட்டில் நின்ன சட்டம் இன்னும் நிக்குது.

7) மௌனத்துக்கு விலை கொடுத்தது வேட்பாளர்கள் மட்டும் இல்லை. கென்டக்கியில் 2015-ல் ஆளுநரா ஜெயிச்ச மாட் பெவின், சொன்ன மாதிரியே 'கனெக்ட்' சந்தையை மூடினார். 2017-ல் சட்டத்தையே ரத்து செய்யப் பார்த்தாங்க. செனட்டில் 49-க்கு 51 என்ற கணக்கில் மயிரிழையில் தப்பியது.

அதுக்கப்புறம்தான் கட்சிக்குப் பேச்சு வந்தது. 2018-ல் "நோயாளிகளுக்குக் காப்பீடு மறுக்க விடமாட்டோம்" என்று ஊர் ஊரா சொன்னாங்க. கீழவையில் 40 இடங்கள் கூடின. ட்ரம்ப் மேலிருந்த கோபமும் அதில் உண்டு, மறுக்கல. ஆனா 2014-ல் வாயில் வராத அதே சட்டம்தான் இப்ப ஓட்டுக் கேட்கிற காரணமா ஆச்சு.

8) தன் கட்சி செஞ்சதைச் சொல்ல வெட்கப்படுற வேட்பாளரைப் பார்த்தா ஒண்ணு கேளுங்க: "நீங்களே காப்பாத்தாத திட்டத்தை நாளைக்கு யார் காப்பாத்துவா?" பதில் வரலேன்னா, அந்தத் திட்டத்தை நம்பி மருந்து வாங்குற ஆளுக்குத்தான் ஆபத்து.