சீட்டு மட்டும் போதாது

ஒரகடம், திருப்பெரும்புதூர் பிரஸ் மெஷின்களில் விரல் போவது நம்ம சேரிப் பையனுக்கும் வடக்கேயிருந்து வந்த காண்ட்ராக்ட் தொழிலாளிக்கும்தான். நான் பார்த்த சீட்டுகளில் இருந்ததோ ஒரே வரி: ‘மேல்சிகிச்சைக்கு’. "பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்றால் கடமை தீர்ந்ததா? எந்த ஆஸ்பத்திரிக்கு?

கை அறுவை சிகிச்சைக்கென்றே சென்னை ஸ்டான்லியில் தனித்துறை இருக்கிறது. முன்கூட்டியே போன் போட்டால் அங்கே ஏற்பாடு நடக்கும். இல்லையேல் வாசல் வாசலாக அலைவதற்குள் ஒட்டவேண்டிய விரல் செத்துப்போகும். துண்டான விரலைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பையிலிட்டு, பையை ஐஸ்மேல் வைக்கணும்; விரலில் ஐஸ் படக்கூடாது.

நான் கேட்பது இவ்வளவுதான்: அனுப்புமுன் பேசுங்கள். அங்கே பேசிய டாக்டர் பெயர், அடிபட்ட நேரம், காரணம், போட்ட ஊசி எல்லாவற்றையும் உள்ளபடி எழுதுங்கள். காரணத்தை மறைத்தால் விரலோடு இ.எஸ்.ஐ. நஷ்டஈடும் கைநழுவும்.

கூடப் போகிற தோழர்களே, இதெல்லாம் எழுதாத சீட்டை வாங்காதீர்கள்.