ஓடட்டுமே, அக்கா!

போன வாரம் தெலுக் பங்லிமா காராங்கில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். படிவம் 4 படிக்கும் அக்கா மகள், பள்ளித் திடல்தடப் போட்டியில் 400 மீட்டரில் முதலிடம். அடுத்து கோல லங்காட் மாவட்டப் போட்டி. ஆனால் அதே நாளில் டியூஷன். "ஓடி என்னத்தடா சாதிக்கப் போறா?" என்றார் அக்கா.

பள்ளியில் வென்றால் மாவட்டம், அங்கே தேர்வானால் சிலாங்கூர், அதற்கும் மேல் எம்.எஸ்.எஸ்.எம். தேசியப் போட்டி. படி ஏற ஏற புறப்பாடப் புள்ளியும் கூடும். அரசுப் பல்கலைக்கழக நுழைவு மதிப்பீட்டில் புறப்பாடத்துக்கு 10 விழுக்காடு உண்டு என்பதைப் பல பெற்றோர் கடைசி நேரத்தில்தான் கவனிக்கிறார்கள்.

1966 பேங்காக் ஆசிய விளையாட்டில் இதே 400 மீட்டரில் தங்கம் வென்றவர் நம் எம். ராஜாமணி. எல்லாரும் ராஜாமணி ஆகிவிட முடியாதுதான். ஆனாலும் ஓடிப் பார்க்க வேண்டாமா?

நானும் படிவம் 4-இல் மாவட்டத்துக்குத் தேர்வானவன். அப்பா டியூஷனுக்கு அனுப்பிவிட்டார். அன்று படித்த பாடம் நினைவில் இல்லை. ஓடாத அந்த ஓட்டம் இன்னும் மறக்கவில்லை.

"டியூஷனை வேற நாளைக்கு மாத்திக் கேளுக்கா. போட்டியை மாத்த முடியாது" என்றேன். அக்கா பதில் சொல்லவில்லை. கைப்பேசியை எடுத்து ஆசிரியரை அழைத்தார்.