இ.டி.எஃப் வாங்குறீங்களா? ஆப்பில் தெரியும் விலை மட்டும் போதாது!

2025 அக்டோபர். தீபாவளி நெருங்கும் நேரம். வெள்ளி விலை தினமும் ஏற, பலரும் மொபைலை எடுத்து வெள்ளி இ.டி.எஃப் வாங்க ஆரம்பித்தார்கள். அதே நேரத்தில் கோட்டக், யு.டி.ஐ, எஸ்.பி.ஐ உள்ளிட்ட ஃபண்ட் நிறுவனங்கள், வெள்ளி இ.டி.எஃப்-களில் முதலீடு செய்யும் தங்கள் ஃபண்டுகளில் மொத்தமாகப் பணம் போடுவதைத் தற்காலிகமாக நிறுத்தின. ஏன்? சந்தையில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு. அதனால் இ.டி.எஃப் யூனிட்டின் விலை, அதற்குள் இருக்கும் வெள்ளியின் மதிப்பைத் தாண்டிப் போயிருந்தது.

இதனால் நமக்கு என்ன நஷ்டம்?

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். யூனிட்டின் உண்மையான மதிப்பு 100 ரூபாய். நீங்கள் 110 ரூபாய் கொடுத்து வாங்குகிறீர்கள். வெள்ளி 5% ஏறுகிறது, மதிப்பு 105. தட்டுப்பாடு தீர்ந்து, அந்தக் கூடுதல் விலையும் மறைந்துவிட்டால் சந்தை விலையும் 105தான். வெள்ளி ஏறியும் உங்களுக்கு 4.5% நஷ்டம்!

விலை ஏன் விலகிப் போகிறது?

வழக்கமாக இந்த இடைவெளியை மூடுவது மார்க்கெட் மேக்கர்களின் வேலை. விலை அதிகமானால் ஃபண்ட் நிறுவனத்திடம் புது யூனிட்களை உருவாக்கி வாங்கி, சந்தையில் விற்பார்கள். குறைந்தால் சந்தையில் வாங்கித் திருப்பிக் கொடுப்பார்கள். ஒவ்வொரு இ.டி.எஃப்-க்கும் குறைந்தது இரண்டு மார்க்கெட் மேக்கர்கள் வேண்டும் என்பது செபி விதி. மற்ற முதலீட்டாளர்கள் நேரடியாக ஃபண்ட் நிறுவனத்திடம் போக வேண்டுமென்றால் 25 கோடி ரூபாய்க்கு மேல் வேண்டும். அதனால் நமக்கு இருக்கும் ஒரே கதவு, பங்குச் சந்தைதான்.

புது யூனிட் உருவாக்க முடியாமல் போனால் இந்த ஏற்பாடு நின்றுவிடும். வெள்ளியில் தட்டுப்பாடு. நாஸ்டாக் போன்ற வெளிநாட்டு இ.டி.எஃப்-களில் வேறு சிக்கல்: வெளிநாட்டுப் பங்குகளில் முதலீடு செய்ய, மொத்த மியூச்சுவல் ஃபண்ட் துறைக்கும் சேர்த்து 700 கோடி டாலர் உச்சவரம்பு இருக்கிறது. அது நிரம்பும் நிலை வந்ததால், 2022 பிப்ரவரி முதல் புது முதலீட்டை நிறுத்தச் சொன்னது செபி. வாங்க ஆள் உண்டு, புது யூனிட் இல்லை. விலை மதிப்பைத் தாண்டியது.

விற்கும்போதும் இது நடக்குமா?

நடக்கும். 2015 ஆகஸ்ட் 24 அன்று அமெரிக்கச் சந்தை திறந்த சில நிமிடங்களில் டவ் ஜோன்ஸ் 1,000 புள்ளிகளுக்கு மேல் சரிந்தது. அன்று சில இ.டி.எஃப்-கள், உள்ளே இருந்த பங்குகளைவிட மிக அதிகமாக விழுந்தன. பதறிப்போய் 'என்ன விலைக்காவது வித்துடு' என்று ஆர்டர் போட்டவர்கள் அடிமட்ட விலைக்கு விற்றார்கள். பல இ.டி.எஃப்-கள் அன்றே மீண்டு வந்தன. விற்றவர்களின் பணம் மட்டும் திரும்பவில்லை.

வால்யூம் அதிகமா இருந்தா பாதுகாப்புதானே?

அது பாதி உண்மை. வால்யூம் குறைவாக இருந்தாலும், உள்ளே இருப்பது நிஃப்டி 50 பங்குகள் என்றால், மார்க்கெட் மேக்கர் எளிதாக யூனிட் உருவாக்கி விலையைச் சரிசெய்ய முடியும். வால்யூம் எக்கச்சக்கமாக இருந்தும், உள்ளே இருக்கும் சொத்து கிடைக்கவில்லை என்றால் விலை விலகும். அதனால், லிக்விடிட்டியை இரண்டு இடத்திலும் பார்க்கணும்: யூனிட்டிலும், அதற்குள் இருக்கும் சொத்திலும்.

ஆர்டர் போடும் முன்...

* ஐ-என்.ஏ.வி: யூனிட்டின் அந்த நேரத்து மதிப்பு இது. ஃபண்ட் நிறுவனம், பங்குச் சந்தை இணையதளங்களில் கிடைக்கும். சந்தை விலையோடு ஒப்பிடுங்கள். ஆனால் நம்ம ஊர் சந்தை நேரத்தில் அமெரிக்கச் சந்தை மூடியிருக்கும்; வெளிநாட்டு இ.டி.எஃப்-களில் இதைத் தோராயமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.
* விலை வித்தியாசம்: வாங்குபவர் 99 கேட்டு, விற்பவர் 102 சொன்னால், வாங்கி உடனே விற்றாலே கிட்டத்தட்ட 3% போச்சு.
* லிமிட் ஆர்டர்: உங்கள் விலையை நீங்களே சொல்லுங்கள். மார்க்கெட் ஆர்டர் வேண்டாம்.
* நேரம்: சந்தை திறந்த முதல் சில நிமிடங்களைத் தவிருங்கள்.

இதையெல்லாம் பார்க்க நேரமில்லையா? நிஃப்டி போன்ற குறியீடுகளுக்கு இண்டெக்ஸ் ஃபண்ட் இருக்கிறது. செலவு கொஞ்சம் கூடலாம். ஆனால் அன்றைய என்.ஏ.வி விலையிலேயே வாங்கலாம், விற்கலாம். அவசரத்துக்கு எடுக்க வேண்டிய பணத்தை மட்டும், அதிகம் கைமாறாத இ.டி.எஃப்-இல் வைக்காதீங்க. விற்க வேண்டிய அன்று நல்ல விலைக்கு வாங்க ஆள் இருப்பார் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.