வன்பொருளின் வழுவும் செலுத்தியின் வழுவமைதியும்

தமிழாசிரியராகிய யாம் கணினியின் உள்ளியல்பு பற்றி எழுதத் துணிந்தமை கண்டு பழைய மாணவ அன்பர்கள் நகைத்தலும் கூடும். இலக்கணம் கற்பிப்பார்க்குக் கம்பியும் கருவியும் எற்றுக்கு என வினவுவாரும் உளராவர். ஆயின், இவ்விழா மலரின் பொருட்டு எமக்கு நேர்ந்த இடர் ஒன்றே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று. அதனை முதற்கண் கூறி, அதன்வழி யாம் கொண்ட கருத்தினைப் பின்னர் உரைப்பாம்.

மலர்க் குழுவினர் எம்மிடம் புறவன்தட்டு ஒன்றை ஒப்படைத்தனர். எம் கல்லூரியின் பழைய ஆண்டு மலர்களும், விளையாட்டுக் குழுக்களின் ஒளிப்படங்களும், மறைந்த ஆசிரியர் சிலரின் கையெழுத்துக் குறிப்புகளும் படியெடுக்கப்பெற்று அதன்கண் வைக்கப்பட்டிருந்தன. மூலப் பிரதிகளுட் பல கறையானுக்கும் இடப்பெயர்வுக்கும் இரையாகிவிட்டமையால், அவ்வன்தட்டே எஞ்சிய சான்றாயிற்று. லினக்ஸ் முறைமையில் இயங்கும் கல்லூரிக் கணினியில் அதனை இணைத்தபோது கோப்புகளின் பெயர்கள் ஒழுங்காகத் தோன்றின. படியெடுக்கத் தொடங்கிய சிறிது நேரத்தில் தட்டு வாய்மூடிற்று. மும்முறை முயன்றும் அதுவே நிகழ்ந்தது. திருத்தகம் ஒன்றிற்குக் கொண்டுசென்றோம். "தட்டு செத்துவிட்டது சேர், எறிந்துவிடுங்கள்" என்றனர்.

எம் உயர்தர வகுப்பு மாணாக்கன் ஒருவன் மட்டும் அத்தீர்ப்பினை ஏற்றிலன். கணினி தனக்குத் தானே எழுதிவைக்கும் நிகழ்வுப் பதிவுகளை இரண்டு நாள் அமர்ந்து வாசித்தான். "தட்டில் குற்றமில்லை, சேர். தட்டைக் கணினியோடு இணைக்கும் பெட்டியிலுள்ள சில்லு, தனக்குச் சரிவரத் தெரியாத மொழியைத் தெரியும் என்று சொல்கிறது" என்றான். பின்னர்க் கணினியின் தொடக்கக் கட்டளையில் ஒரு வரி சேர்த்தான். அன்று மாலைக்குள் கோப்புகள் அனைத்தும் ஒன்றும் குறையாது வந்துசேர்ந்தன.

அவன் செய்தது யாது? பணிசெயல் முறைமைக்கும் சாதனத்துக்கும் இடைநின்று பேசும் மென்பொருளைச் செலுத்தி என்பர். யு.எஸ்.பி. வழியாக இணையும் தேக்ககச் சாதனங்கள் இவ்வாறு பேசுக என வகுக்கும் விதிநூல்கள் உள. பழைய முறையிலே, கணினி 31 பைற்று அளவினதாகிய ஏவல் ஒன்றை அனுப்பும். அதன்பின் தரவு செல்லும். ஈற்றிற் சாதனம் 13 பைற்று அளவில் மறுமொழி கூறும். ஓர் ஏவல் முடிந்த பின்னரே அடுத்த ஏவல். யு.ஏ.எஸ். எனப்படும் புதிய முறையிலோ பல ஏவல்களை ஒருங்கே கொடுத்து விரைந்து வேலை வாங்கலாம். எம் தட்டின் சில்லு புதிய முறையை அறிந்ததாகக் கூறியும், வேலை மிகுந்தபோது தடுமாறிற்று. மாணாக்கன் சேர்த்த வரியில் அச்சாதனத்தின் உற்பத்தியாளர் எண், பொருள் எண், 'யு' என்னும் ஓரெழுத்து ஆகிய மூன்றுமே இருந்தன. 'இதனோடு மட்டும் பழைய முறையிற் பேசுக' என்பதே அதன் பொருள். 2019ஆம் ஆண்டில் ராஸ்பெரி பை 4 என்னும் சிறு கணினி வெளிவந்த பின்னர், அதனோடு வன்தட்டு இணைத்தோர் பலர் இதே இடருற்று இதே வரியால் உய்ந்தனர்.

இத்தகைய வழுக்கள் பலவாம். பழைய முறைக்குரிய விதிநூலின் முகப்பிலேயே அதன் நாள் 1999ஆம் ஆண்டு செப்டெம்பர் 31 என அச்சாகியுள்ளது! முப்பது நாட் கொண்ட மாதத்துக்கு ஒரு நாளை மிகையாக ஈந்த நூலைப் பின்பற்றிய சாதனங்களும் எண்ணிக்கையில் ஒன்று மிகுத்தமை பொருத்தமே போலும். சேமிப்பிடம் சிறு கட்டங்களாக வகுக்கப்பட்டு 0 முதல் எண்ணிடப்பட்டிருக்கும். கொள்ளளவு யாது எனக் கணினி வினவினால், இறுதிக் கட்டத்தின் எண்ணைச் சாதனம் கூறல் வேண்டும். ஆயிரம் கட்டங்கள் உளவாயின் விடை 999. சில சாதனங்களோ கட்டங்களின் தொகையாகிய 1000 என்பதைக் கூறிவிடும். கணினி இல்லாத கட்டமொன்றைத் தேடிப் படிக்கப் புகும். அவ்வினாவைத் தாங்கமாட்டாது சாதனம் செயலிழந்து நிற்பதும் உண்டு. ஆதலின், அத்தகைய சாதனங்களின் விடையில் ஒன்றைக் கழித்துக்கொள்ளுமாறு செலுத்தியிற் குறிப்பு எழுதியுள்ளனர்.

ஏவலுக்கும் தரவுக்கும் இடையே ஒரு செக்கனின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரம் இளைப்பாற விட்டாலன்றி இயங்காத சில்லும் உண்டு. வேலை முழுவதையும் முடித்துவிட்டு, மிச்சம் உண்டு எனப் பொய்க்கணக்குக் காட்டும் சாதனமும் உண்டு. இயல்பு கூறும் தகவலை 192 பைற்று அளவிற் கேட்டால் விடையிறுத்து, வேறளவிற் கேட்டால் மயங்கும் வன்தட்டுகள் பல. விண்டோஸ் முறைமை 192 என்றே கேட்பது இதன் காரணம். ஆக்கியோர் விதிநூலோடு ஒப்புநோக்காது, சந்தையிற் பெருவழக்கான முறைமையோடு ஒத்துப்போவதே போதும் என அமைந்தனர் போலும். ஆதலின் லினக்ஸ் செலுத்தியும் 192 என்றே கேட்குமாறு திருத்தப்பட்டது.

இனி, எம் கருத்தைக் கூறுவாம். குற்றம் செய்தோன் ஆக்கியோன்; திருத்த வேண்டுவோனும் அவனே; செலுத்தி எழுதுவோர் ஏன் வளைந்துகொடுத்தல் வேண்டும் என்பர் ஒரு சாரார். நேர்மையான வினாவே. ஆயினும் சாதனத்தை விற்றவன் அதனை மறந்துவிட்டான். அதனுள்ளே எழுதப்பட்டதை மாற்றும் வழி வாங்கியவன் கையில் பெரும்பாலும் இல்லை. விதியை மட்டும் ஓதி வாளா இருப்பின், தண்டனை பெறுவோன் ஆக்கியோன் அல்லன். தன் தந்தையின் ஒளிப்படத்தை அதனுள் வைத்த ஏழை உரிமையாளனே.

அங்ஙனமாயின் எல்லாச் சாதனங்களிடத்தும் நெகிழ்ந்து நடந்தால் என்ன என்பர் மறு சாரார். அதுவும் தவறே. எல்லாவற்றுக்கும் ஒன்றைக் கழித்தால், உண்மை கூறிய சாதனம் தன் இறுதிக் கட்டத்தை இழக்கும். எல்லாவற்றுக்கும் புதிய முறையை மறுத்தால், செவ்வனே இயங்குவனவும் தம் விரைவை இழக்கும். வழுவினார்க்காக வழாதாரை ஒறுத்தல் எந்த நீதி?

இவ்விடத்தே எம் இலக்கணம் துணைக்கு வருகின்றது. தன் பசுவை அம்மை என்றழைத்து, 'வந்தது' என்னாது 'வந்தாள்' என்கின்றான் ஒருவன். இது திணை வழு. ஆயினும் உவப்புக் காரணமாக வந்தமையின் நன்னூலார் அதனை அமைத்துக்கொள்வர். அவர், 'அஃறிணையெல்லாம் உயர்திணையாகுக' என்றாரல்லர். உவப்பு, உயர்வு, சிறப்பு, செறல், இழிப்பு எனக் காரணங்களை வரையறுத்தார். வழுவை வழு என்றே அறிந்து, காரணங் காட்டி, எல்லை கோலி ஏற்பதே வழுவமைதி. விதியை அழித்தலும் அன்று. வழக்கைத் துறத்தலும் அன்று.

லினக்ஸ் செலுத்தியினரும் இந்நெறியே நின்றனர். அதன் மூல நிரலில், 'வழக்கத்துக்கு மாறான சாதனங்கள்' எனப் பொருள்படும் பெயருடைய கோப்பொன்று உண்டு. ஒவ்வொரு குறிப்பிலும் சாதனத்தின் எண்களும், எப்பதிப்பு முதல் எப்பதிப்பு வரை அக்குறிப்புச் செல்லும் என்பதும் காணப்படும். அறிவித்தவரை அடையும் வழியையும் குறிப்பின் தலையில் எழுதுக. இயன்றால் காரணத்தையும் கூறுக. உற்பத்தியாளர் எண் வரிசை குலையாது சேர்க்க எனக் கோப்பின் முகப்பிலேயே பணித்துள்ளனர். குறிப்பிற் சில வேண்டாதனவாயின், அதனைச் செலுத்தியே கண்டு, இதனை எமக்கு அறிவிப்பீர் எனப் பதிவில் எழுதும். புறனடை பெருகி நூலை விழுங்காதபடி காக்கும் வழி இதுவே.

ஆகவே, வழுவைப் பொறுத்தலினும் அதனை எழுதிவைத்தலே தலையாயது என்பது எம் துணிபு. கைகண்ட மருந்தை மகனுக்கும் சொல்லாது மாண்ட பரியாரியாரைப் பற்றி நம் ஊர்களிற் பல கதைகள் உள. எம் மாணாக்கன் எழுதிய வரியும் கல்லூரிக் கணினி ஒன்றினுள்ளேயே கிடப்பின், அக்கணினி பழுதாகும் நாளில் அவ்வறிவும் மறையும். அத்தகைய பெட்டியை வாங்கிய வேறொருவன், 'எறிந்துவிடுங்கள்' என்னும் தீர்ப்பைக் கேட்டுத் தன் செல்வத்தை எறிவான். அதனால், சாதனத்தின் எண்களையும் நிகழ்ந்ததையும் எழுதிச் செலுத்தியைப் பேணுவோர்க்கு அனுப்புமாறு அவனைப் பணித்தோம். ஆங்கில ஆசிரியர் துணைநிற்கக் கடிதம் எழுதப்பெற்று வருகின்றது.

வன்தட்டுகள் உண்மையாகவே இறப்பதும் உண்டு; ஆதலின் எம் ஏடுகளை இப்போது மூன்றிடங்களில் வைத்துள்ளோம். மாணாக்கர்காள்! ஒன்று இயங்காதவிடத்து, அது வழுவோ சாவோ என ஆராய்மின். வழுவாயின் காரணம் காண்மின். கண்டதைப் பிறர்க்கும் பயன்படுமாறு எழுதிவைம்மின். இம்மலரிற் பழைய படங்களைக் கண்டு மகிழும் முதியோர், அவற்றை மீட்டுத் தந்தது ஒரு வரியே என்பதை நினைவார்களாக.