மார்கழித் தள்ளுபடியில் ஒரு குட்டி யானை

ஆடி மாதம் புடவைக் கடையில் தள்ளுபடி என்றால் நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மோட்டார் வண்டி விற்கிறவர்களும் வருஷக் கடைசியில் தள்ளுபடி போடுகிறார்கள் என்பதும், அது பார்த்துப் பார்த்து மார்கழியில் வந்து விழுகிறது என்பதும் எத்தனை சகோதரிகளுக்குத் தெரியும்? "வண்டி சமாசாரம் ஆண்கள் பாடு" என்று நாம் ஒதுங்கிக்கொள்கிறோம். முன்பணத்துக்காக அடகுக் கடைக்குப் போவது மட்டும் நம் கழுத்துச் சங்கிலி!

நான் சொல்வது சொகுசுக் கார் அல்ல. டாடா கம்பெனியார் 2005-ல் 'ஏஸ்' என்று ஒரு சின்ன லாரியைக் கொண்டுவந்தார்கள். நம் ஜனங்கள் அதற்குக் 'குட்டி யானை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். 2011-ல் அசோக் லேலண்டின் 'தோஸ்த்' வந்தது. மகீந்திராவின் பிக்கப் வண்டிகளும் ஓடுகின்றன. இன்று தாம்பரத்துச் சந்துகளில் தண்ணீர்க் கேன், காய்கறி, வீடு மாற்றும் சாமான் எல்லாம் இவற்றின் முதுகில்தான் போகின்றன. ஒரு வண்டியை நம்பி ஒரு குடும்பமே இருக்கிறது. அதனால்தான் கணக்கில் கொஞ்சம் கண் வைக்க வேண்டும் என்கிறேன்.

தள்ளுபடி ஏன் கொடுக்கிறார்கள்? வண்டி எந்த மாதம், எந்த வருஷம் செய்தது என்று ஆர்.சி. புத்தகத்திலேயே போட்டிருக்கும். டிசம்பர் 31 இரவு வரை 'இந்த வருஷத்து வண்டி'யாக இருந்தது, மறுநாள் காலையில் 'போன வருஷத்து வண்டி' ஆகிவிடுகிறது. கடைக்காரர் கடன் வாங்கித்தான் சரக்கு நிறுத்தியிருப்பார். வட்டி நாளுக்கு நாள் ஏறும். போதாக்குறைக்கு நம் ஊரில் மார்கழியில் யாரும் வண்டி எடுப்பதில்லை. ஜி.எஸ்.டி. ரோடில் பல்லாவரத்திலிருந்து தாம்பரம் வரை எந்த ஷோரூமிலும் அப்போது ஈ ஓட்டுகிறார்கள். பேரம் பேச அதைவிட நல்ல வேளை ஏது?

சேலையூரில் இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடும் ஓர் அம்மாள் எனக்குத் தெரிந்தவர். அவர் வீட்டில் மாமியார், "பீடை மாதத்தில் வண்டியா?" என்று தடுத்துவிட்டார். 'பீடுடைய மாதம்' என்பதுதான் அப்படித் திரிந்தது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனால் அதை மாமியாரிடம் வாதாடி ஜயித்தவர்கள் யார்? அம்மாள் வாதாடவில்லை. கணவரை அழைத்துக்கொண்டு ஷோரூமுக்குப் போனார்.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஒரு பழைய நாற்காலிக்கு அரை மணி நேரம் பேரம் பேசுகிற நாம், ஷோரூமில் குளிர்ந்த காற்றும் காபியும் கிடைத்ததும் வாயடைத்துப் போகிறோம். இந்த அம்மாள் காபியைக் குடித்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "புது வருஷ வண்டிக்கு என்ன குறைப்பீர்கள், தம்பி?" என்பது. கேட்க வேண்டிய கேள்வி அதுதான். புது வண்டிக்கே பதினைந்தாயிரம் குறைப்பார்கள் என்றால், பழைய வருஷத்து வண்டிக்குச் சொல்லும் நாற்பதாயிரத்தில் உண்மையான சலுகை இருபத்தையாயிரம்தான்.

அந்த இருபத்தையாயிரம் லாபமா, நஷ்டமா? அது நீங்கள் வண்டியை எத்தனை வருஷம் வைத்திருப்பீர்கள் என்பதைப் பொறுத்தது. மூன்று வருஷத்தில் விற்பதாக இருந்தால், வாங்குகிறவர் ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்து, "நாலு வருஷத்து வண்டி" என்று ஒரே பேச்சில் அந்தப் பணத்தையும் அதற்கு மேலும் கழித்துவிடுவார். பத்து வருஷம் ஓட்டித் தேய்க்கப் போகிறீர்களா? அப்போது ஒரு வருஷம் முன்பின் யாருக்கும் பெரிதல்ல, இருபத்தையாயிரம் உங்களுக்கே.

இரண்டாவது கேள்வி மாதத்தைப் பற்றியது. இதைத்தான் பலர் கேட்பதில்லை. பிப்ரவரியில் செய்ததும் 'போன வருஷம்', நவம்பரில் செய்ததும் 'போன வருஷம்'. தள்ளுபடி ஒன்றாகவே இருந்தாலும் வயதில் ஒன்பது மாத வித்தியாசம்! அம்மாள் யார்டுக்கே போய், நின்ற மூன்று வண்டிகளில் நவம்பர் வண்டியைக் கையால் தட்டி, "இது" என்றார்.

யார்டுக்குப் போவதில் இன்னொரு லாபமும் உண்டு. நம் பக்கத்தில் மழை எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியும். 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மிதந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. தள்ளுபடிச் சரக்கு வெட்டவெளியில் நிற்கும் காலமும் இந்த அடைமழைக் காலமும் ஒன்றுதான். ஆகவே சீட்டுக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள். சேறு காய்ந்த தடமோ, பூஞ்சை வாசனையோ, துருவேறிய திருகாணியோ இருந்தால் லட்ச ரூபாய் குறைத்தாலும் வேண்டாம். எலி கடித்த ஒயர் உண்டா என்றும் பார்க்கலாம். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் அச்சிட்டிருக்கும்: 3025 என்றால் 2025-ம் வருஷத்து முப்பதாவது வாரம். பல மாதம் நின்ற வண்டியென்றால் பேட்டரியைச் சோதித்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

தள்ளுபடி என்றதும் பறக்கக் கூடாது என்பதற்கு 2017-ம் வருஷத்துக் கூத்தைச் சொல்ல வேண்டும். பி.எஸ். 3 ரக வண்டிகளை ஏப்ரல் 1 முதல் விற்கக் கூடாதென்று உச்ச நீதிமன்றம் மார்ச் 29-ல் தீர்ப்பளித்தது. தேசம் முழுவதும் எட்டு லட்சத்துக்கு மேல் வண்டிகள் தேங்கிக் கிடந்தன. இரண்டே நாள்! ஸ்கூட்டருக்கும் பைக்குக்கும் ஆயிரக்கணக்கில் குறைத்தார்கள், கூட்டம் அலைமோதிற்று. மார்ச் 31-க்குள் விற்றதற்கு அத்தாட்சி இருந்தால்தான் பதிவு என்பது நிபந்தனை. எனவே புகை விதி மாறும் வருஷமென்றால், விலைக்கு முன்னால் பதிவுத் தேதியைக் கேளுங்கள்.

வரியும் அப்படித்தான். சரக்கு வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவிகிதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. வண்டி எப்போது செய்ததானாலும், பில் போடும் நாளின் வரிதான் செல்லும். "பழைய சரக்கு, பழைய வரி" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடலாம். இன்ஷூரன்ஸையும் அவர்கள் சொல்லும் கம்பெனியில்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.

சேலையூர் அம்மாள் மாமியார் விஷயத்தை எப்படிச் சமாளித்தார் என்று கேட்கிறீர்களா? கார்த்திகைக் கடைசியில் ஒரு நல்ல நாளில் முன்பணம் கட்டி, பில்லும் அன்றைக்கே போடச் செய்தார். வண்டியைத் தை பிறந்ததும் எடுத்துக்கொள்வது. அதுவரை அது கடைக்காரர் பொறுப்பு என்று எழுதியும் வாங்கிக்கொண்டார். மானேஜர் மனமிரங்கி, "சீட் கவரும் பாட்டுப் பெட்டியும் இனாமாகத் தருகிறோம், அம்மா" என்றாராம்.

"பாட்டு வேண்டாம், தம்பி. அந்தப் பணத்தைப் பில்லிலே குறைத்து விடுங்கள். இனாமாகத்தான் கொடுப்பேன் என்றால் நல்ல தார்ப்பாய் ஒன்று கொடுங்கள். வெயில் பட்டால் மாவு புளித்துவிடும்!"